இரண்டாவது அறையின் நிறம்

ஜனவரி 4

மாணவர் நிலப்படத் தொகுப்புக்கு இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. பதிப்பகத்திலிருந்து எடிட்டர் வஹீதா காலையிலேயே அழைத்துச் சொன்னார். எல்லாப் படங்களையும் வரைந்த நான்தான் மறுபடி பார்த்துத் தர வேண்டும். மார்ச் பிறந்ததும் அச்சுக்குப் போகிறதாம். என்னிடம் வரும் வேலை எதுவும் நிதானமாக வந்ததே இல்லை.

வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது அறை இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, பெரிய மேஜை இருக்கிறது. என் மனைவி சரசு போய்ச்சேர்ந்த பிறகு அந்த அறை முழுக்க எனக்குத்தான். அவளுடைய கட்டில் மட்டும் ஜன்னலோரம் அப்படியே கிடக்கிறது. அதன்மேல் நிலப்படச் சுருள்களை அடுக்கி வைத்திருக்கிறேன்.

மதியத்துக்கு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் வைக்கும்படி தமயந்தியிடம் சொன்னேன். நன்றாகவே வைத்திருந்தாள். மருமகள் விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

ஜனவரி 7

வஹீதா மறுபடியும் போன். மேற்கு சஹாரா.

"சார், போன பதிப்புல அத மொராக்கோ கலர்லயே போட்டுட்டோம். தப்பில்லையா?"

"தப்புதான் மேடம். அப்ப நான் ஊர்ல இல்ல. வேற யாரோ முடிச்சாங்க."

ஊரில்தான் இருந்தேன். அவசரத்தில் கை தவறிவிட்டது. அதையெல்லாம் எடிட்டரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

விளக்கினேன். ஓர் இடத்தை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. அது யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் முழு நிறம். பதில் வேறு வேறு என்றால் சாய்கோடு போட வேண்டும். வைத்திருப்பவரின் நிறத்தில் ஒரு கோடு, உரிமை கேட்பவரின் நிறத்தில் அடுத்த கோடு. தன்னாட்சிப் பகுதி என்பது இந்த இரண்டிலும் சேராது. அதற்கு நாட்டின் நிறத்தையே கொஞ்சம் வெளுப்பாகக் கொடுத்து, சுற்றிலும் புள்ளிக்கோடு போட்டு, உள்ளே அதன் சொந்தப் பெயரை எழுத வேண்டும். கிரீன்லாந்துக்கு டென்மார்க் நிறத்தில் வெளுப்பு, ஓலந்துத் தீவுகளுக்குப் பின்லாந்து நிறத்தில் வெளுப்பு. நம் நாட்டின் வெளி எல்லை மட்டும் அரசாங்கம் தருகிற படத்தில் உள்ளபடியே இருக்கும். அதில் எனக்குக் கையும் கிடையாது, கருத்தும் கிடையாது.

"பிரமாதம் சார்" என்றார் வஹீதா. இத்தனை வருடம் நிறம் பூசியதற்கு ஒரு பிரமாதமாவது வேண்டாமா.

ஜனவரி 9

வெண்டைக்காய் சாம்பார் சொன்னேன். முருங்கைக்காய் போட்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

ஜனவரி 12

வீட்டில் புத்தகங்கள் நடமாட ஆரம்பித்திருக்கின்றன. தமயந்தி குரூப் டூ முதல்நிலைத் தேர்வில் தேறிவிட்டாள். பிப்ரவரி கடைசியில் மெயின்ஸ். எனக்குப் பெருமைதான், காய்கறிக்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. ஆனால் புத்தகம் வைக்க ஒரு இடம் என்று வேண்டாமா? நேற்று வாஷிங் மெஷின் மேல், முந்தாநாள் பால்கனியில் என் ஈசிசேரின் மேல். சாப்பாட்டு மேஜையின் மூலையிலும் ஒன்று, தென்னமெரிக்காவை அழுத்திக்கொண்டு. எல்லாவற்றையும் அவ்வப்போது எடுத்து அடுக்களையில் வைத்துவிடுகிறேன்.

இன்று பேங்குக்குப் போய்வந்து பார்த்தால் என் அறையிலேயே, சரசுவின் கட்டிலில், சுருள்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அரசமைப்புப் புத்தகமும் தண்ணீர் பாட்டிலும்.

"ஒன் புக்கு என் ரூம்ல கெடந்துச்சும்மா" என்றேன்.

"ஆமா மாமா. நீங்க வெளிய போயிருந்தீங்களே, கொஞ்ச நேரம் உக்காந்து படிக்கலாம்னு…"

"படி, படி. யாரு வேணாம்னா? படங்க கசங்கிடும், அதான்."

"சரி மாமா."

என் மகன் பரணிக்கு இரவு ஷிப்ட். பகலெல்லாம் அவர்கள் அறையில் திரையை இழுத்துவிட்டு, விளக்கணைத்துத் தூங்குகிறான். அதனால் அவள் அங்கே படிக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஹாலில் படிக்கலாம். நான் செய்தி பார்க்கும்போது கொஞ்சம் சத்தம் இருக்கும், அவ்வளவுதானே.

ஜனவரி 15

பொங்கல். பரணி பகலில் விழித்திருந்தான். குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பாட்டு மேஜையில் ஆப்பிரிக்கா விரித்திருந்ததால் ஹாலில் தரையில் இலை போட்டோம். தமயந்தி பரிமாறினாள்.

ஜனவரி 19

தொகுப்பின் முதல் பக்கத்துக்கு "அரசியல் வரைபடம் படிப்பது எப்படி" என்று ஒரு பாடம் வேண்டுமாம். நான் எழுதிக் கொடுத்ததை வஹீதா பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"சார், ஆறாங்கிளாஸ் புள்ளைக்கு மேற்கு சஹாரான்னா என்ன புரியும்? ஒரு வீட்ட வச்சு சொல்லுங்களேன். வீட்லதான் இதெல்லாம் தெனமும் நடக்குது. எந்த எடம் யாருது, யாரு புடிச்சு வச்சிருக்காங்கன்னு."

நல்ல யோசனை. எனக்குத் தோன்றாமல் போனதில் சின்ன வருத்தம்.

ஜனவரி 21

வீட்டுப்படம் முடிந்தது. எதற்கு ஊரில் இல்லாத வீடு என்று நம் வீட்டையே டேப் வைத்து அளந்து வரைந்தேன். வீட்டின் நிறம் நீலம், அதாவது என் நிறம். பத்திரம் என் பெயரில் இருக்கிறது, அதனால் வேறு பேச்சில்லை. ஹாலும் இரண்டாவது அறையும் முழு நீலம். பரணியின் படுக்கையறை தன்னாட்சிப் பகுதி, வெளிர் நீலம். அடுக்களையும் தன்னாட்சிப் பகுதி. சுற்றிலும் புள்ளிக்கோடு போட்டு, உள்ளே அழகாக "தமயந்தி" என்று எழுதினேன். பால்கனிக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நீலமும் மஞ்சளும் கலந்து சாய்கோடு. மஞ்சள் அவளுடைய புத்தகங்களுக்கு.

அச்செடுத்துப் பார்த்தேன். இத்தனை தெளிவாக ஒரு வீட்டை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். தமயந்தி பார்த்துச் சிரிக்கட்டும் என்று ஒரு பிரதியைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவைத்தேன்.

ஜனவரி 22

சிரிக்கவில்லை.

காபி கொண்டுவந்து வைத்தவள் போகாமல் நின்றாள். கையில் படம்.

"மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"சமையலறைய தன்னாட்சின்னு போட்டிருக்கீங்க. நான் இப்ப அந்தப் பாடந்தான் படிச்சிட்டிருக்கேன். தன்னாட்சின்னா அந்த எடத்துக்குள்ள முடிவெடுக்கற அதிகாரம் இருக்கணும். பேரு மட்டும் இருந்தாப் போதாது."

"சரி."

"இங்க என்ன சமைக்கணும்னு தெனமும் யாரு மாமா சொல்றாங்க?"

என்ன வைக்கட்டும் என்று அவள் கேட்பதால்தானே இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். முருங்கைக்காய் போட்டபோது நான் ஏதாவது கேட்டேனா? அதையே அவளிடம் சொன்னேன்.

"அன்னிக்கு வெண்டைக்கா தீந்துடுச்சு மாமா" என்றாள்.

பிறகு இன்னொன்றும் கேட்டாள். "கிரீன்லாந்துக்கெல்லாம் புள்ளிக்கோடு போட்டிருக்கீங்க. நம்ம நாட்டுலயே மேகாலயாவுல, அசாம்ல, திரிபுராவுல, மிசோரத்துல தன்னாட்சி மாவட்டக் கவுன்சில் இருக்கே. அரசமைப்புல ஆறாவது அட்டவணை. உங்க இந்தியா பக்கத்துல ஒண்ணுகூட இல்லியே?"

"அதெல்லாம் சின்ன எடம்மா. இந்த அளவுல தெரியாது" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்குக் கோபம்தான். ஒரு நல்ல காரியம் செய்தால் அதில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.

ஜனவரி 23

பீர்க்கங்காய் கூட்டு. நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜனவரி 25

சரிபார்த்தேன். அவள் சொன்னது சரி. மேகாலயாவில் காசி, ஜயந்தியா, காரோ மலைகள், அசாமில் போடோலாந்து, கார்பி ஆங்லாங் என்று வரிசையாக இருக்கின்றன. அளவும் அப்படியொன்றும் சின்னதில்லை. ஓலந்துத் தீவுகளையெல்லாம் கார்பி ஆங்லாங்கின் ஒரு மூலைக்குள் வைத்துவிடலாம். எங்கோ பால்டிக் கடலில் இருக்கிற தீவுக்குப் புள்ளிக்கோடு போட எனக்குக் கண் தெரிந்திருக்கிறது. சொந்த நாட்டுப் பக்கத்தை முப்பது வருடமாக ஒரே நிறத்தில் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திருத்தி அனுப்பினேன். வஹீதாவுக்கு ஒரே சந்தோஷம். "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்றார். மருமகள் சொன்னாள் என்று சொன்னேன். இந்தத் தடவை பொய் வரவில்லை.

ஜனவரி 28

பரணி வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"அப்பா, தமயந்தி நாளைக்கு போளூர் போறா. எக்ஸாம் வரைக்கும் அவ அம்மா வீட்ல இருக்கட்டும்."

"ஏன்? இங்க என்ன கொறச்சல்?"

"கொறன்னு ஒண்ணும் இல்லப்பா. படிக்கணும்ல."

"இங்கயே படிக்கலாமே. யாராச்சும் வேணாம்னு சொன்னாங்களா?"

பரணி என்னை ஒரு பார்வை பார்த்தான். சரசு பார்க்கிற மாதிரியே. "இந்தத் தடவ விட்டா அவளால மறுபடி முட்டிமோத முடியாதுப்பா. ஸ்கூல் வேலையையும் விட்டுட்டு ஒக்காந்திருக்கா" என்றான். லிப்ட் வந்துவிட்டது.

ஜனவரி 29

பஸ் ஏறிவிட்டாள். சாப்பாட்டு மேஜை, பால்கனி எல்லாம் மறுபடியும் முழு நீலம். நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

ஜனவரி 30

வேலை ஓடவில்லை. ஹோட்டல் சாப்பாடு. ரசம் என்று ஒன்று கொடுத்தார்கள்.

பிப்ரவரி 1

காபிப் பொடி தேடி அடுக்களை அலமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் முழுக்கக் காகிதங்கள் ஒட்டியிருக்கின்றன. அரசமைப்புப் பிரிவுகள், ஐந்தாண்டுத் திட்டங்கள், சங்ககாலத் துறைமுகங்கள், எல்லாம் பொடிப்பொடி எழுத்தில். அஞ்சறைப் பெட்டி எடுக்கும்போது ஒரு பார்வை, எண்ணெய் எடுக்கும்போது ஒரு பார்வை என்று படித்திருக்கிறாள் போல. மாவு டப்பாவுக்குப் பின்னால் சுவரில் இன்னொரு தாள். உபரி கேஸ் சிலிண்டர் மேல் ஒரு பழைய துண்டு மடித்துப் போட்டிருந்தது. அதன்மேல் பேனா மூடி. உட்காருகிற இடம் அதுதான் என்று புரிந்தது.

எந்தப் படமாக இருந்தாலும் கடைசியில் களத்தில் போய் ஒரு தடவை சரிபார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். வீட்டுப்படத்துக்கு நான் அதைச் செய்யவே இல்லை. அறைகளை அளந்தேன், ஆட்களைப் பார்க்கவில்லை. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். பத்திரத்தை மறந்துவிட்டு, எந்த இடத்தில் உண்மையில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் குறித்தேன். ஹாலில் என் டிவி, சாப்பாட்டு மேஜையில் என் படங்கள், பால்கனியில் என் ஈசிசேரும் பழைய பேப்பரும், அறையில் நான். சிலிண்டரின் தலைக்கும் ஓர் அலமாரிக் கதவின் உள்பக்கத்துக்கும் மஞ்சள் பூசப் பார்த்தேன். பென்சில் முனையைவிடச் சின்னதாக வந்தது.

அதே கதவில், அவளுடைய தாள்களுக்குக் கீழே, இன்னொரு காகிதம் மஞ்சளாகிச் சுவடு மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. பழைய வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துக் கட்டம். கட்டங்களில் சரசுவின் எழுத்து. இரண்டே கட்டம்தான் பாக்கி வைத்திருக்கிறாள்.

அவள் குறுக்கெழுத்து போடுவாள் என்று எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் அவள் வழக்கமாக எங்கே உட்காருவாள் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. வயதாகிவிட்டது.

காபி போடவில்லை.

பிப்ரவரி 2

பரணி தூங்கி எழுந்ததும் உதவிக்குக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டரை ஹால் மூலைக்குக் கொண்டுவந்தோம். சுருள்களைக் கட்டிப் பரணில் ஏற்றினோம். சுவரிலிருந்த உலகப்படத்தைக் கழற்றினேன். கழற்றிய இடத்தில் சுவர் புதிதாக இருந்தது.

"அம்மா கட்டில் என்னப்பா பண்றது?"

"இருக்கட்டும். அதுமேல ஏத்தி வச்சதுதான் தப்பு."

சுருள்களின் தூசியில் எனக்குக் கண் கலங்கியது என்று நினைத்திருப்பான். தூசியும் இருந்தது.

அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். வெளித்தாழ்ப்பாள் மட்டும்தான். ஆசாரியை வரச்சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 4

போளூருக்குப் போன் செய்தேன். பின்னால் குழந்தைகள் சத்தம், யாரோ சீரியல் பார்க்கிற சத்தம்.

"நல்லா படிக்கிறியாம்மா?"

"படிக்கிறேன் மாமா." குரலில் தெம்பில்லை. "அண்ணன் பசங்க வந்திருக்காங்க. மாடிப்படில உக்காந்துக்கறேன்."

"இங்க ரூம் காலியா இருக்கும்மா."

போனோடு வெளியே வந்துவிட்டாள் போல, சீரியல் சத்தம் தேய்ந்தது.

"எந்த ரூம் மாமா?"

"ரெண்டாவது ரூம்தான். மேஜைய அங்கயே விட்டுட்டேன். உள்ள தாப்பா போட்டாச்சு."

"எக்ஸாம் வரைக்குமா?"

"ம்… ஆமா. எக்ஸாம் வரைக்கும்."

திருத்திய வீட்டுப்படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டாவது அறைக்கு நீலமும் மஞ்சளும் சாய்கோடு. உரிமை என்னுடையது, இருப்பது அவள். நிலவரப்படி அதுதான் சரியான குறியீடு.

பிப்ரவரி 6

வந்துவிட்டாள். அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கட்டிலில் கைவைத்து, "இதுல உக்காரலாமா மாமா?" என்றாள். "அதுக்குத்தானே இருக்கு" என்றேன்.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஏனோ ஒரு நிமிடம் சுருக்கென்றது. பழகிவிடும்.

பிப்ரவரி 13

ஸ்கேல் உள்ளே மாட்டிக்கொண்டது. என் வீட்டில், என் அறைக் கதவை, இன்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் தட்டினேன்.

"பத்து நிமிஷம் மாமா. ஒரு ஆன்சர் எழுதிட்டிருக்கேன்."

நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். டிவியைப் போடப்போய்ப் போடாமல் விட்டேன். பத்து நிமிடம் சும்மா இருப்பது இவ்வளவு நேரமா? ஸ்கேலைக் கொண்டுவந்து கொடுத்தபோது கையெல்லாம் பேனா மை. முகத்தில் களை இருந்தது. இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 20

பரணி எழுந்து உப்புமா செய்தான். அடியில் தீய்ந்துவிட்டது. மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆப்பிரிக்காவைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 27

இன்றோடு பரீட்சை முடிந்தது. நன்றாக எழுதியிருக்கிறாளாம். ஆறாவது அட்டவணையிலிருந்து ஒரு கேள்வி வந்ததாம், அதைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

உள்ளதை எழுதுகிறேன். அவள் காலையில் கிளம்பிப் போனதும் ஹால் மூலையிலிருந்து அறைக் கதவு வரைக்கும் டேப் வைத்து அளந்தேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொண்டுபோக ஒயர் எட்டுமா என்று பார்க்கத்தான்.

பிப்ரவரி 28

காலையில் எழுந்தபோது அறைக்கு வெளியே புத்தகங்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. உள்ளே தமயந்தி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எங்கம்மா போகுது?"

"கிச்சனுக்குத்தான் மாமா. எக்ஸாம் முடிஞ்சிடுச்சே. ரிசல்ட் வர நாளாகும், அதுக்குள்ள அடுத்ததுக்குப் படிக்கணும். அத அங்கயே பாத்துக்கலாம்."

"யாரு காலி பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல மாமா. நீங்க அனுப்புன படத்துல கோடு கோடாத்தானே இருந்துச்சு? கோடு போட்டா அங்க இருக்கறவங்களுது இல்லன்னுதானே அர்த்தம்." குத்தலாகச் சொல்லவில்லை. பாடத்தில் படித்ததைச் சொல்வது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். மேஜையின் கடைசி மூலையையும் துடைத்துவிட்டுத் துணியை மடித்தாள்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நேற்று டேப் பிடித்த கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஹால் மூலைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். முதல் பக்கம் இன்று மாலைக்குள் வஹீதாவுக்குப் போக வேண்டும். வீட்டுப்படத்தைத் திறந்தேன். இரண்டாவது அறையின் சாய்கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். மொத்தமாக அழிக்க ஒரு பொத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒவ்வொன்றாகத்தான் அழித்தேன். தமயந்தியைக் கூப்பிட்டேன்.

"என்ன கலர்?"

"மாமா…"

"ஒனக்கு வேண்டிய கலரச் சொல்லும்மா. அச்சுக்குப் போகுது."

நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தாள். "பச்சை" என்றாள். "வெளிர் பச்சையா மாமா?"

"வெளுப்பெல்லாம் இல்ல. முழுசு. புள்ளிக்கோடும் கெடையாது, நேர்கோடு." பூசினேன். "உள்ள பேர நீயே போடு. எந்த ஊருக்கும் பேரு அங்க இருக்கறவங்கதான் வைக்கணும்."

கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன். தன் பெயரைப் போடுவாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத் தட்டினாள். "சரஸ்வதி, தமயந்தி."

பக்கத்தை அனுப்பிவிட்டேன். பாடப்படத்தில் எதற்கு இரண்டு பெயர் என்று வஹீதா கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகக் கட்டுகளை நானும் ஒரு கை பிடித்து உள்ளே வைத்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வெயில் ஏறிய பிறகு பசித்தது. கதவருகே போய் நின்று, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"இன்னிக்கு என்ன கொழம்பும்மா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "நீங்க என்ன வைக்கப் போறீங்களோ அதான் மாமா."

வத்தல் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.